மணிக்கு ஆறு சாண்

மேலக்கணவாய் ரைஃபிள் கிளப் மைதானத்தில் ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்குச் சுட்ட குண்டு ஒன்று, முந்நூறு மீட்டர் தள்ளியிருந்த இலக்கு அட்டையைப் போய்ச் சேர ஒன்பது நாள் எடுத்துக்கொண்டது, அந்த ஒன்பது நாளும் நாங்கள் அதன் கூடவே நடந்தோம், சமைத்தோம், சாப்பிட்டோம், சண்டை போட்டோம், ஒரு நிச்சயதார்த்தத்தைக்கூட அதன் பக்கத்தில் ஜமக்காளம் விரித்து முடித்தோம். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் அது எப்படி, இது எப்படி என்று குடைகிறார்கள். எங்கள் ஊரில் அப்படி யாரும் கேட்கவில்லை. அது போய்ச் சேருமா சேராதா என்பது மட்டும்தான் எங்கள் கவலை.

நான் சீனிச்சாமி. அந்தக் கிளப்பில் அட்டை ஒட்டுகிறவன். இலக்குக்குக் கீழே உள்ள குழிக்குள் உட்கார்ந்திருப்பேன், சுட்டு முடித்ததும் மேலே வந்து துளைகளை எண்ணிச் சொல்லிவிட்டு, மைதாப் பசையும் காகிதமும் வைத்து அடைத்து, அட்டையை அடுத்த ஆளுக்குத் தயார் செய்வேன். பதினாறு வருடமாக இந்த ஊரில் யார் எங்கே சுட்டார்கள் என்பதற்கு என் வாய்தான் சாட்சி. ஆகவே இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, மற்றவர்கள் சொல்வதில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குண்டு வந்த துப்பாக்கியைச் செய்தவள் வேலுத்தாய். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லேத் பட்டறை வைத்திருக்கிறாள், ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தவள், பம்ப்செட் ஷாஃப்ட் கடைந்துகொண்டிருந்தவள் கிளப்பின் பழைய துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கத் தொடங்கி, அதில் ருசி கண்டு, சொந்தமாக ஒன்று செய்தே தீருவேன் என்று அலையாய் அலைந்து இரண்டு வருடத்துக்குத் தற்காலிக உரிமம் வாங்கினாள். குண்டைச் சுழல வைக்க இரும்புக் குழலுக்குள் சுருண்டு ஓடும் வரிப்பள்ளங்களை வெட்ட அவளுக்கு ஐந்து மாதம் ஆனது, தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட் முன்னும் பின்னும் போய்வரும் பாதையை மயிரிழை பிசகாமல் நடுவுக்குக் கொண்டுவர மூன்று மாதம் ஆனது, அடிக்கட்டைக்கு நல்ல மரம் தேடி மலை முழுக்க அலைந்து கிடைக்காமல், கடைசியில் தன் கல்யாணத்துக்குச் சீதனமாக வந்த ஈட்டிமரக் கட்டிலின் பக்கச் சட்டங்கள் இரண்டையும் அறுத்துச் சேர்த்து ஒட்டிச் செதுக்கினாள். மினிபஸ் ஓட்டும் அவள் புருஷன் ஒச்சப்பன் அன்றிலிருந்து பாயில்தான் படுக்கிறான். கேட்டால், தரையில் படுத்தால் இடுப்புக்கு நல்லதாம் என்பான்.

அந்தத் துப்பாக்கியை ஒரே ஒரு உடம்புக்காகத்தான் அவள் செய்தாள். ஒச்சப்பனின் தங்கை பூங்கோதை, இருபத்தாறு வயது, ரேஷன் கடையில் பில் போடுகிறவள், கிளப்பில் அவளைப்போல் சுட ஆளில்லை. அவள் கன்னத்தைக் கோதுமை மாவு உருண்டையில் பதிய வைத்து அச்செடுத்து, அதே பள்ளத்தைக் கட்டையில் இறக்கினாள் வேலுத்தாய். விசையை அவள் விரலின் நீளத்துக்கு நூல் பிடித்து அளந்து வைத்தாள். நானும் ஒருநாள் ஆசைக்குக் கன்னம் வைத்துப் பார்த்தேன், என் கண் வானத்தைப் பார்த்தது.

உரிமம் முடியும் நாள் வந்தது. நிரந்தர உரிமம் வேண்டுமானால் அதிகாரி முன்னிலையில் பத்துக் குண்டு, இருபது நிமிஷம், முந்நூறு மீட்டர், பத்தும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் விழ வேண்டும், தோட்டாக்களும் பட்டறையிலேயே நிரப்பியவையாக இருக்க வேண்டும். ஒன்று வெளியே போனாலும் பட்டறைக்குச் சீல். அவளுக்கு அது வெறும் பிழைப்பு இல்லை. சாப்பிடும்போதுகூட விரலால் தட்டில் வரிப்பள்ளம் போட்டுப் பார்க்கிறவள் அவள், பட்டறையை மூடினால் அவளை என்ன செய்வது என்று ஒச்சப்பனுக்கே தெரியாது.

பின்னால் தெரிந்ததை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், மர்மமாக வைத்துச் சொல்லும் பொறுமை எனக்கு இல்லை. தோட்டா நிரப்பும்போது வேலுத்தாய் வாசலில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவாள். துணி தொங்கினால் யாரும் உள்ளே போகக்கூடாது, பேசக்கூடாது, தும்மக்கூடாது. ஒவ்வொரு பித்தளைக் கூட்டுக்கும் அடியில் தீப்பொறி தரும் கேப் பொருத்தி, நகைக்கடைத் தராசில் வெடிமருந்தை நிறுத்து, கூட்டுக்குள் கொட்டி, மேலே குண்டை அழுத்தி உட்கார வைப்பாள். சோதனைக்கு முந்தின நாள் ஒன்பது முடிந்து பத்தாவதுக்கு மருந்தை நிறுத்துத் தட்டைக் கையில் எடுத்தபோது, அதுவரை அந்தத் துணியை ஒருநாளும் தாண்டாத பூங்கோதை அதை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, விளையாட்டுக் கோட்டாவில் ரயில்வே வேலை கிடைத்துவிட்டது, நாக்பூருக்குப் பக்கத்தில், புதன்கிழமை சாயந்திரம் ரயில் ஏறுகிறேன் என்று மூச்சு வாங்கச் சொன்னாள். வேலுத்தாய் ரொம்ப சந்தோஷம் என்றாள். சொல்லிக்கொண்டே தட்டிலிருந்த மருந்தைத் திரும்ப டப்பாவிலேயே கொட்டினாள். கூட்டுக்குள் கொட்டியதாக நினைத்துக்கொண்டு, கண்ணைப் புறங்கையால் துடைத்துவிட்டு, காலிக் கூட்டின்மேல் குண்டை அழுத்தினாள்.

மறுநாள் பூங்கோதை படுத்துக்கொண்டு சுட்ட ஒன்பது குண்டும் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. முதல் குண்டு அட்டையின் நட்டநடுவில் தனியாக ஒரு துளை போட்டது, மற்ற எட்டும் அதை ஒட்டி ஒரு பக்கமாக நெருக்கியடித்துக்கொண்டு விழுந்தன. பத்தாவதைச் சுட்டபோது கோலி சோடா உடைக்கும் அளவுக்குத்தான் சத்தம் வந்தது. மற்ற ஊர்களில் மருந்தில்லாத தோட்டா சுட்டால் குண்டு குழலுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு நிற்குமாம். எங்கள் ஊரில் அது குழலின் வாய்க்கு வந்தது, கொஞ்சம் எட்டிப் பார்த்தது, பிறகு தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் மெல்ல வெளியே வந்து இலக்கைப் பார்த்துப் போகத் தொடங்கியது.

கிளப் செயலாளர் ஞானப்பிரகாசம் ஏலக்காய் வியாபாரி, சட்டம் என்றால் அவருக்கு உயிர். விதிப் புத்தகத்தைப் புரட்டி, இருபது நிமிஷத்துக்குள் குழலைவிட்டு வெளியேறிய குண்டு கணக்கில் உண்டு, எப்போது போய்ச் சேர வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை என்று அறிவித்தார். கடைசிக் குண்டு சேரும்வரை சுட்டவர் மைதானத்தைவிட்டு வெளியேறக் கூடாது என்று மட்டும் எழுதியிருந்தது. அதிகாரி செண்பகராமன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், குண்டைப் பார்த்தார், சேரும் அன்று வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். பூங்கோதை நாக்பூருக்குப் பேசினாள். பத்து நாள் அவகாசம் கொடுத்தார்கள்.

மணிக்கு ஆறு சாண் வேகம் என்று பள்ளிக்கூட வாத்தியார் கணக்குப் போட்டுச் சொன்னார். முதல் நாள் வேடிக்கை பார்த்தோம், இரண்டாம் நாள் அது எங்களுக்குப் பழகிவிட்டது. ரேஷன் கடைக்குப் போகும் பாதை மைதானத்தைக் குறுக்கே வெட்டிப் போகிறது, ஆகவே குண்டு அந்தப் பக்கம் வரும்முன்பே பெஞ்சுகளை அடுக்கி ஒரு பாலம் கட்டினோம், பெண்கள் அரிசிப் பையோடு அதில் ஏறி இறங்கினார்கள். வெயிலுக்குப் பந்தல் போட்டோம், அது முன்னே போகப் போகப் பந்தலையும் பிடுங்கி முன்னே நட்டோம். சலூன்காரர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அங்கேயே முடி வெட்டினார். ஆடுகளைக் கட்டிப் போட்டோம். ஒரு தட்டான் அதன்மேல் உட்கார்ந்து, அது சுழலச் சுழல இடம் மாற்றி மாற்றி உட்கார்ந்து அரைநாள் பயணம் செய்தது. ஒரு பூவரசு இலை நேர் எதிரே விழுந்து புல்லில் மாட்டித் தொங்கியபோது குண்டு அதற்குள் புகுந்து மறுபக்கம் வந்தது, அந்த ஓட்டை இலையை ஒருவர் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுக் கடையில் மாட்டினார். வெகுநாள் பேசாதிருந்த பங்காளிகள் இரண்டு பேர் அதன் இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாகக் குந்திப் பார்த்ததில் நெற்றி முட்டிக்கொண்டு பேச ஆரம்பித்தார்கள்.

அது சுழலுவதைத்தான் எல்லாரும் ரசித்தோம். வேலுத்தாய் வெட்டிய வரிப்பள்ளங்களின் தடம் அதன் இடுப்பைச் சுற்றிப் பளபளவென்று தெரிந்தது. ஒரு சாணுக்கு ஒரு சுற்று, கூடவும் இல்லை குறையவும் இல்லை, பிள்ளைகள் கையால் சாண் போட்டுப் போட்டு எண்ணிப் பார்த்தார்கள். சாமி கோயிலில் அங்கப்பிரதட்சணம் போகிறதைப்போல் போகிறது என்று கிண்டலடித்தோம். வேலுத்தாய் மட்டும் சிரிக்கவில்லை. ஐந்து மாதம் இருட்டுக் குழலுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் செய்த வேலை வெளியே வந்து வெயிலில் சுழன்றுகொண்டிருந்தது, அதன் பக்கத்தில் முழங்காலிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நான்காம் நாள் கணவாய்க் காற்று கிளம்பிவிட்டது. ஆடியில் வர வேண்டிய மிச்சக் காற்று முழுக்க அன்றைக்கு வந்ததோ என்னவோ, மூன்று மணிக்கு மைதானம் மண்ணாகப் பறந்தது. நாங்கள் ஓடிப்போய் மண்டபத்துத் திரை, கட்சி பேனர், கொடியில் காய்ந்த சேலை என்று கைக்குக் கிடைத்ததைக் கொண்டுவந்து மூங்கிலில் கட்டிக் குண்டுக்கு மறைப்புப் பிடித்தோம். பிடிக்கலாமா கூடாதா என்று ஞானப்பிரகாசம் விதிப் புத்தகத்தைத் தேடினார், அது காற்றில் பக்கம் புரண்டுகொண்டே இருந்தது. வேலுத்தாய் வந்து எல்லாவற்றையும் அவிழ்க்கச் சொன்னாள். நாங்கள் மறுத்தோம்.

"அவுத்து விடுங்கண்ணே. அது நேரா சுத்துதுன்னா நேராத்தான் போகும். கோணலா வெட்டியிருந்தேன்னா போகட்டும், நான் பட்டறைய மூடிக்கிறேன்" என்றாள்.

அவிழ்த்தோம். காற்று என் துண்டைப் பிடுங்கிக்கொண்டு போனது, பந்தல் ஓலை பறந்தது, ஒச்சப்பன் மினிபஸ்ஸின் கண்ணாடியில் மண் அப்பியது. குண்டு அசையவில்லை. அதன் பாதைக்கு நேராக நூல் பிடித்துக்கொண்டு நின்ற வாத்தியார் அழுதே விட்டார். நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

மதினியும் நாத்தனாரும் அந்த நாட்களில் ஒன்றாகவே திரிந்தார்கள். பூங்கோதை மைதானத்தைவிட்டுப் போக முடியாது, வேலுத்தாய் குண்டைவிட்டுப் போகமாட்டாள், ஆகவே ஒச்சப்பன் மூன்று வேளையும் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்தான். இரண்டு வருடம் இரும்பையும் மரத்தையும் பற்றி மட்டுமே பேசிக்கொண்டவர்கள் அந்த ஒன்பது நாளில் மற்றதெல்லாம் பேசித் தீர்த்தார்கள். குளிர் பிரதேசமா, யார் சமைப்பார்கள், அங்கே கொடுக்கும் துப்பாக்கியின் கட்டை உன் கன்னத்துக்கு உயரமாக இருந்தால் துணி சுற்றிக்கொள் என்று வேலுத்தாய் சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தப் பத்தாவது கூட்டில் மருந்து இல்லை என்பது அவளுக்குச் சோடா சத்தம் கேட்ட அந்த நொடியே தெரிந்துவிட்டது. அதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் தோட்டா நிரப்பத் தெரியாதவள் என்று பட்டறை போய்விடும்.

ஒன்பதாம் நாள் அதிகாரி வந்தார். குண்டு அட்டைக்கு மூன்று சாண் தூரத்தில் இருந்தது. ஊரே மைதானத்தில் குந்தியிருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து படிவத்தை விரித்து, தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில், சுட்டவரின் கவனக்குறைவு என்று எழுதினார். விசையை அரைகுறையாக அழுத்தியிருப்பாளாம். இதன் நகல் ஒன்று ரயில்வேக்கும் போகும் என்று, ஏதோ பஸ் நேரம் சொல்கிறவர் மாதிரி சொன்னார். பூங்கோதையின் முகம் செத்துவிட்டது. ஆனாலும் வாய் திறக்கவில்லை, மதினியின் துப்பாக்கியைக் குறை சொல்ல வேண்டிவருமோ என்று பயந்திருப்பாள்.

வேலுத்தாய் முழங்காலிலிருந்து எழுந்து, புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, அவர் முன்னால் வந்து நின்றாள்.

"அத அடிச்சிருங்க சார். அவ மேல தப்பில்ல. பத்தாவதுல மருந்தே கெடையாது. போட மறந்தது நான்."

அதிகாரி பேனாவை மூடினார். ஒன்பது நாளாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். பட்டறை போய்விடும் என்று பயந்தேன் என்றாள். இப்போது மட்டும் போகாதா என்றார். போகும் சார் என்றாள்.

பூங்கோதைதான் மெதுவாக, "நான் துணியத் தாண்டி வந்தேன்ல, அதுனாலயா மதினி?" என்று கேட்டாள்.

வேலுத்தாய் ஆமாம் என்று தலையாட்டினாள். அதோடு விட்டிருக்கலாம், விடவில்லை. நீ போறேன்னு சொன்னதும் எனக்குக் கையெது தட்டெதுன்னு தெரியலைத்தா என்றாள், இத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல அவளுக்குக் கூச்சமாகக்கூட இல்லை.

அதற்குள் யாரோ சேரப் போகுது சேரப் போகுது என்றார்கள், உரிமத்தையும் படிவத்தையும் விட்டுவிட்டு எல்லாரும் அட்டையைச் சுற்றி நெருக்கினோம். அதிகாரியும் நாற்காலியை விட்டு வந்து எனக்குப் பக்கத்தில், மண்ணில் முழங்கால் பட, குந்தினார். குண்டு அட்டையைத் தொட்டுக் காகிதத்தை மெல்லப் பிதுக்கும், கிழியும், அந்தச் சத்தத்தைக் கேட்கலாம் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். அது காகிதத்தைத் தொடவே இல்லை. நட்டநடுவில் முதல் குண்டு போட்ட துளை இருந்ததே, அதற்குள் ஓரம் படாமல், சுழன்றுகொண்டே நுழைந்து, கால் மணி நேரத்துக்கும் மேலாக நிதானமாக அந்தப் பக்கம் போய், பின்னால் இருந்த மண்மேட்டுக்குள் மறைந்தது.

நான் அட்டையைக் கழற்றி அதிகாரியிடம் நீட்டினேன். அவர் துளைகளை இரண்டு தரம் எண்ணினார்.

"ஒம்பதுதான இருக்கு" என்றார்.

"பத்து சார். நடுத் தொளைல ரெண்டு" என்றேன். பதினாறு வருடத்தில் எத்தனையோ பேர் ஒரே துளையில் இரண்டு போனது என்று என்னிடம் அளந்திருக்கிறார்கள், ஒருவரையும் நான் நம்பியதில்லை, ஒருவருக்கும் எண்ணிச் சொன்னதில்லை.

சாட்சி என்று அவர் இழுப்பதற்குள் வாத்தியார் கையெழுத்துப் போட்டார், ஞானப்பிரகாசம் போட்டார், பங்காளிகள் இருவரும் போட்டார்கள், சலூன்காரரும் ஹெல்த் சென்டர் நர்ஸும் அங்கே நிச்சயமான பெண்ணும் மாப்பிள்ளையும் போட்டார்கள், படிவத்தில் இடம் போதாமல் அட்டையின் பின்பக்கமும் நிரம்பியது. அதிகாரி வெகுநேரம் மண்மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மருந்தே இல்லாமல் இவ்வளவு தூரம் நேராக வந்திருக்கிறதே என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு சுட்டவரின் கவனக்குறைவு என்பதை அடித்துவிட்டு, உள்ளதை உள்ளபடி எழுதினார், மருந்தோடு ஒன்பது, மருந்தில்லாமல் ஒன்று, பத்தும் உள்ளங்கைக்குள். உரிமம் கொடுத்தார். ஒரு நிபந்தனையும் போட்டார்: இனி துணியெல்லாம் ஆகாது, மருந்து நிறுக்கும்போது பட்டறைக் கதவை உள்பக்கம் தாழிட வேண்டும், யாரையும் சேர்க்கக் கூடாது.

மறுநாள் பூங்கோதை ரயிலேறினாள். துப்பாக்கி இங்கேயே சுவரில் தொங்கியது, அதில் கன்னம் வைக்க வேறு ஆளில்லை.

குண்டு நிற்கவில்லை. ஹெல்த் சென்டர் நர்ஸ் வாரம் ஒருதரம் மண்மேட்டில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு, போய்க்கொண்டுதான் இருக்கிறது, ஒரு நாளைக்கு அரைச் சாண் என்று சொல்லிவந்தாள். வாத்தியார் மேட்டின் கனத்தை அளந்து, பொங்கலன்று வெளியே வரும் என்றார். வேலுத்தாய் அதை நாக்பூருக்குப் போனில் சொன்னாள், பொங்கலுக்கு முந்தின நாளே பூங்கோதை வந்து இறங்கினாள். இளைத்திருந்தாள், அங்கே கட்டை உயரம்தான், துணி சுற்றித்தான் சுடுகிறேன் என்றாள். பொங்கலன்று காலை மண்மேட்டின் பின்பக்கம் ஒரு சின்ன மண்ணாங்கட்டி உதிர்ந்தது, குண்டின் மூக்கு தெரிந்தது, வேலுத்தாய் முந்தானையை ஏந்தி நின்றாள், அது வந்து அதில் விழுந்து, இரண்டு சுற்று சுற்றி நின்றது.

அவள் அதை அப்படியே பட்டறைக்குக் கொண்டுபோனாள். பித்தளைக் கூடு ஒன்றை எடுத்துத் துடைத்தாள், கேப் பொருத்தினாள். பூங்கோதை பழக்கத்தில் வாசலிலேயே நின்று, கதவை இழுத்துச் சாத்தப் போனாள்.

"லீவு எத்தன நாளு?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் வேலுத்தாய்.

"ஒம்பது நாளு மதினி."

"அப்ப கதவ நல்லாத் தொறந்து வச்சுட்டு உள்ள வந்து உக்காரு. பேசு. இதுக்கு நிறுக்க வேண்டியது ஒண்ணுமில்ல."

மைதானத்தில் ஞானப்பிரகாசம் சுடும் நாளில் ஏற்றும் சிவப்புக் கொடியை ஏற்றினார், நான் புது அட்டையை மாட்டினேன், ஒச்சப்பன் பெஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு ரேஷன் கடைப் பாதைக்குப் போனான்.